நாற்காலி ஒன்பது

இரவு ஒன்பதுக்கு வந்தபோது
பலகையில் என் பெயருக்கு எதிரே
பதின்மூன்று என்று எழுதியிருந்தது.
மஞ்சள் மண்டலம். கட்டில்கள் ஆறு.
மீதி ஏழு பேருக்கு நாற்காலி.
நாற்காலிகளுக்கும் எண் ஒட்டியிருக்கிறோம்.
எண் ஒட்டினால் அதுவும் கட்டில்தான் என்று
மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பினாங்குப் பாலத்தில் மழை பெய்தால்
பத்து நிமிடத்தில் எங்கள் வாசலில் தெரியும்.

கணக்கில் நான் சுமார்தான்.
ஒன்றுக்கு நான்கு என்று
பயிற்சிக் கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி.
ஆனாலும் இந்த வகுத்தல் மட்டும் தானாய் வருகிறது:
அறுபது நிமிடம், பதின்மூன்று பேர்.
ஆளுக்கு நான்கு நிமிடம், கொஞ்சம் மிச்சம்.
அந்த மிச்சத்தில்
கை கழுவ வேண்டும்,
இரத்தக் குப்பியில் பெயர் ஒட்ட வேண்டும்,
"மிஸ்ஸி, டாக்டர் எப்போ?" என்றால்
செகெஜாப் என்று சொல்ல வேண்டும்.
மூன்று மொழிக்காரர்களுக்கும் அது ஒன்றே போதும்,
ஒருவரும் நம்புவதில்லை.

நோராஷிகின் போன மாதம் ரியாத்துக்குப் போய்விட்டாள்.
அவள் அலமாரிச் சாவி இன்னும் என் பையில்.
அவளுக்கு ஏழு, எனக்கு ஆறு என்றிருந்தது.

கத்துகிறவர்களுக்கு நான் பயப்படுவதில்லை.
கட்டில் மூன்று, டிங்கிக் காய்ச்சல்,
மகள் கைப்பேசியைத் தூக்கி என்னைப் படம் எடுக்கிறாள்.
கட்டில் ஐந்தில் மிஸ்டர் ஓங்
ஹொக்கியனில் என் ஏழு தலைமுறையையும் விசாரிக்கிறார்.
திட்டுவதற்கு மூச்சு வேண்டும்.
அவருக்கு இருக்கிறது.

நாற்காலி ஒன்பது பேசவில்லை.
வடமலை, த/பெ காத்தமுத்து. ஐம்பத்தெட்டு.
பிறையில் கண்டெய்னர் லாரி.
"நெஞ்சு லேசா எரியுது, காத்தாத்தான் இருக்கும்."
இ.சி.ஜி. வண்டியோடு இரண்டு தடவை போனேன்.
"பரவால்ல மிஸ்ஸி, மொதல்ல அந்தப் பையனப் பாருங்க."
இரண்டு தடவையும் விட்டுக்கொடுத்தார்.
இரண்டு தடவையும்
நான் வாங்கிக்கொண்டேன்.

ஒன்று இருபதுக்கு நாற்காலி காலி.
ஒரு துண்டு. பாதி குடித்த மைலோ.
சொல்லாமல் போனவர்களுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
டிக் போட்டால் பதின்மூன்று பன்னிரண்டு.
மறைக்கவில்லை, பேனாவைத் திறந்தேன்.
மூடிவிட்டுத் தேடப் போனேன்.
அது யாருடைய நான்கு நிமிடம் என்று தெரிந்தே போனேன்.

எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடையில் நின்றிருந்தார்.
ஒரு கை தலைக்குமேல், அதில் சலைன் பை.
கீழே தள்ளுவண்டியில் சுருண்டு கிடந்தார்
நேப்பாளக் காவலாளி ஒருவர்.
மாட்டக் கம்பி இல்லையாம்.
"கீழ எறக்கினா ரத்தம் ஏறி வருது மிஸ்ஸி,
ஒசத்திப் புடிச்சா நிக்குது" என்றார்,
தானே கண்டுபிடித்தவர்போல.
மற்றக் கை நெஞ்சில்.
எலும்பைக் குடையும் ஏர்கானில்
அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

பையைப் பிடுங்கித்
தீயணைப்புப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டினேன்.
உட்காருங்க என்று நான் போட்ட சத்தத்தில்
காவலாளி கண்ணைத் திறந்தார்.

தாள் ஊர்ந்து வந்தது.
மேடு இருக்கக் கூடாத இடத்தில் மேடு.

சிவப்பு மண்டலத்தில்
அப்போதுதான் ஒரு கட்டில் காலியாகியிருந்தது.
எப்படிக் காலியானதென்று அவர் கேட்கவில்லை.
தள்ளிக்கொண்டு ஓடும்போது
"லாரி யார்டு வாசல்லயே நிக்குது, வழிய மறிச்சிக்கிட்டு" என்று
சாவியை என் கையில் திணித்தார்.
பையில் போட்டேன், நோராஷிகின் சாவியோடு.

திரும்பி வந்தால் நாற்காலி ஒன்பதில்
வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.
மைலோவை யாரோ குடித்துவிட்டார்கள்.

காலை ஏழுக்கு ஒப்படைப்புத் தாள்.
பணியிலிருந்த ஊழியர் எண்ணிக்கை என்ற இடத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
பேனா அங்கேயே கொஞ்சம் நின்றது.
உயர்த்திப் பிடித்த ஒரு கைக்கு
அரை என்றாவது போடலாமா என்று.

இருதயக் குழாய் அறையிலிருந்து
அவரை இன்னும் கொண்டுவரவில்லை என்றார்கள்.

கட்டில் இரண்டுக்கு
ஒன்று இருபதுக்கு மாற்ற வேண்டிய சலைனை
எப்போது மாற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை.
எழுதி வைத்திருக்கிறேன்.
ஒன்று முப்பத்தெட்டு.